தலைக்கு மேல் பிடித்த கல்யாணப் பத்திரிகை

இடது, வலது என்று இரண்டு சொற்கள் உலகத்தில் இருப்பதை அந்த அம்மா கடைசி வரைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்குக் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு தெரியும். அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

நான் சிகந்தராபாத்தில் ஆட்டோ ஓட்டுகிறவன். தார்நாகாவில் விஞ்ஞானிகள் குடியிருக்கும் தெரு ஒன்றில்தான் அவர் முதன்முதலாக என் வண்டியைக் கை காட்டி நிறுத்தினார். வெள்ளைப் புடவை, ஒரு கையில் பைபிள், மறு கையில் குடை. வண்டியின் பின்னால் 'முருகன் துணை' என்று தமிழில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டார் போல. "சிகந்தராபாத் தமிழ் சர்ச்சுக்குப் போலே" என்று ஏறி உட்கார்ந்தார். தெருமுனை வந்ததும், "இங்கன வடக்கே திரும்பு" என்றார்.

நான் வண்டியை நிறுத்திவிட்டேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். வடக்கு மேலே இருக்கும் என்று வாத்தியார் சுவரில் தொங்கிய படத்தைக் காட்டிச் சொன்னது மட்டும் ஞாபகம் இருந்தது. அதனால் மேலே பார்த்தேன். ஆட்டோவின் கூரைதான் தெரிந்தது.

"என்னலே மேல பாக்கே?"

"வடக்கும்மா" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. பொதுவாகவே எனக்குப் பேச்சு வராது.

அவர் குடையால் தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "கேட்டதும் மேல பாக்குற ஆட்டோக்காரனை இப்பத்தாம்ல பாக்கேன். எங்க ஆபீசுல இருந்தவனுவகூட இப்படிப் பாக்க மாட்டானுவ. இனிமே ஞாயித்துக்கெழமை நீயே வா."

அப்படித்தான் வாராவாரம் போக ஆரம்பித்தேன்.

அவர் ஆபீஸ் என்று சொன்னது ஊரில் இருந்த பழைய வானாய்வுக்கூடம் ஒன்றை. சின்ன வயதில் பாளையங்கோட்டையிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த அப்பாவோடு இங்கே வந்தவர். அந்தக் காலத்தில் வானத்தைக் கண்ணாடித் தகட்டில் போட்டோ எடுப்பார்களாம். அதில் எந்த நட்சத்திரம் எங்கே இருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்த கருவியில் குனிந்து அளந்து எழுத ஆள் வேண்டும். அந்த வேலைக்கு அங்கே எடுக்கப்பட்ட முதல் பெண் அவர்தான். தகட்டில் வானம் வெள்ளையாகவும் நட்சத்திரங்கள் கறுப்பாகவும் விழுமாம். அதனால் வெள்ளையில் கறுப்புப் புள்ளி எங்கே கண்டாலும் அவருக்கு நிற்க வேண்டும். தயிர் சாதத்தில் கடுகு விழுந்திருந்தால் சாப்பிடுவதற்கு முன் கொஞ்ச நேரம் பார்ப்பார். ஒரு நாள் என் சட்டையில் கிரீஸ் தெறித்திருந்தது. முதுகில் குடையால் குத்தி, "அசையாத. இந்தா, வானத்துல நிக்க வேட்டைக்காரனும் அவன் நாயும் அப்படியே இருக்கு. இந்தச் சட்டையத் துவைக்காதல" என்றார். என் அம்மா துவைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு அவர் துக்கம் விசாரிப்பதுபோல விசாரித்தார்.

அளக்கிற வேலைக்கு எடுத்தார்களே தவிர, பெரிய தொலைநோக்கிக்குப் பக்கத்தில் அவரை விடவில்லை. அதில் கண் வைக்க ஏணியில் ஏற வேண்டும். "பொம்பளைக்கு ஏணி ஆகாது, புடவை தடுக்கி விழுந்தா உங்க அப்பாவுக்கு யார் பதில் சொல்றதுன்னு கேட்டாவ" என்றார் ஒருமுறை, ஆட்டோ சத்தத்துக்கு மேலே கத்தி.

"அப்புறம்?"

"அப்பாவைக் கூட்டிட்டே போயிட்டேன். அவாளோட ரயில்வே கால்சட்டையை நான் மாட்டிக்கிட்டேன். ஏணிக்குக் கீழ ஒரு நாற்காலி போட்டு அவாளை உக்கார வச்சேன். பதில் சொல்ல வேண்டிய ஆளு இங்கனயே இருக்காவ, இப்ப ஏறலாமான்னேன். ஏறிட்டேன்."

"என்ன தெரிஞ்சுதும்மா?"

"மேகம்."

விடிகிற வரைக்கும் மேகத்தையே பார்த்தாராம். இறங்கினால் மறுபடி ஏற விடமாட்டார்கள் என்று பயம். கீழே அப்பா நாற்காலியிலேயே குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறார். அதற்கடுத்த நாள் யாரும் தடுக்கவில்லை. பிறகு பணி ஓய்வு வரைக்கும் அந்த ஏணி அவருடையதுதான்.

இத்தனை வருடம் வானத்தோடு இருந்ததால்தான் பூமியிலும் திசை வைத்தே நடந்தார். சர்ச்சில் எல்லாரும் நேராக உட்கார்ந்திருக்கும்போது அவர் மட்டும் பெஞ்சில் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருப்பார். வெளியே வண்டியில் காத்திருக்கும் எனக்கு ஜன்னல் வழியாகத் தெரியும். கேட்டதற்கு, "கட்டினவன் கிழக்கைக் கொஞ்சம் தப்பா வச்சுட்டான். நான் சரியா உக்காருதேன்" என்றார். டாக்டர் எந்த முழங்கால் வலிக்கிறது என்று கேட்டால், "மேற்கு முட்டு" என்பார். டாக்டர் வெளிச்சத்துக்காக நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டு மறுபடியும் கேட்டால், "இப்ப கிழக்கு முட்டு." அந்த டாக்டர் தெலுங்குக்காரர், பொறுமைசாலி. தன் மேஜை மேல் ஒரு திசைகாட்டி வாங்கி வைத்துக்கொண்டார்.

எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் அவரைத் 'தாராவாலி அம்மா' என்பார்கள். நட்சத்திரக்கார அம்மா என்று அர்த்தம். அவர் குடை தூரத்தில் தெரிந்ததுமே, பக்கத்து வண்டிக்கார பாய், "ஜா பாய், தேரி தாராவாலி ஆகயி. ஹமாரெகு நக்கோ!" என்று என்னை முன்னால் தள்ளுவார். எங்களுக்கு வேண்டாம், நீயே போ என்கிறார். பாய் ஒருமுறை அந்த அம்மாவை ஏற்றிப்போய், 'தென்மேற்கே' என்பது புரியாமல் ஊரைச் சுற்றியவர்.

"எதுக்கும்மா இடது வலதுன்னு சொல்லக் கூடாது?" என்று நான் ஒருநாள் தைரியம் வரவழைத்துக் கேட்டேன்.

"நீ திரும்பினா உன் இடது கூடவே திரும்புதுல்லா? அதை நம்பி எப்படிப் போக? கிழக்கு திரும்புமால?"

பழகப் பழக எனக்கும் இடது வலது வாயில் வராமல் போய்விட்டது. மற்ற சவாரிக்காரர்கள் "லெஃப்ட்" என்றால் நான், "கிழக்கேவா சார்?" என்று கேட்பேன். பாதிப்பேர் இறங்கிப் போய்விடுவார்கள்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் கல்யாணப் பத்திரிகைக்கு வழிப்படம் வரைந்து தரச் சொன்னேன்.

எனக்குக் கல்யாணம் லேசில் அமையவில்லை. பெண் பார்க்கப் போகும் இடத்தில் நான் வாயே திறக்காததால், பையன் ஊமையா என்று கேட்டு இரண்டு மூன்று இடம் கலைந்தது. எங்கள் குடும்பம் தாத்தாவுக்கும் முந்தி வேலூர்ப் பக்கமிருந்து வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு வந்து திருமுல்கேரியில் தங்கியது. ஊரில் சொந்தமும் விட்டுப்போய், இங்கே பெண்ணும் கிடைக்காமல் முப்பதைத் தாண்டிவிட்டேன். கடைசியாக ராமச்சந்திராபுரத்தில் ஓர் இடம் அமைந்தது. பெண்ணின் அப்பா அங்கே பெரிய தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கம்பெனி பஸ்ஸை ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை என்பதுதான் அவர் பெருமை. "மாப்பிள்ளை பேசலைன்னா பரவாயில்லை. நேரத்துக்கு வரணும், அவ்வளவுதான்" என்றார். முகூர்த்தம் தவறினால் அந்தக் கல்யாணமே வேண்டாம் என்று நினைக்கிற ஆள். இது தப்பினால் இனி எனக்கு யாரும் பெண் தரப்போவதில்லை என்று அம்மா எல்லா சாமிக்கும் வேண்டிக்கொண்டிருந்தாள்.

எங்களில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. திருமுல்கேரியில் ஒரு பங்ஷன் ஹால் எடுத்தோம். முந்தின இரவு அங்கே வேறு கல்யாணம் என்பதால், பெண் வீட்டார் காலையில் பஸ் பிடித்து நேரே வருவதாகப் பேச்சு. ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வர வேண்டும். பத்திரிகையின் பின்னால் வழி போட்டே ஆக வேண்டும் என்றார் அச்சகக்காரர்.

அந்த அம்மா வரைந்த படத்தைப் பார்த்து அச்சகமே எழுந்து நின்றது. பெரிய நாற்சந்திகளுக்குப் பெரிய புள்ளி, சின்னச் சந்துகளுக்குச் சின்னப் புள்ளி, ஹால் இருக்கும் இடத்தில் கதிர் விடும் பெரிய நட்சத்திரம். ஓரத்தில் அம்புக்குறி போட்டு 'வ', 'கி' என்று எழுதியிருந்தார். வானத்தையே வரைந்தவர் திருமுல்கேரியைத் தப்பாக வரைவாரா என்று யாரும் சரிபார்க்கவில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஹால் தெரியும், அவர்களுக்குப் படம் தேவையில்லை. அதை நம்பி வந்தது ஒரே ஒரு பஸ்தான். பெண் வந்த பஸ்.

கல்யாணத்தன்று மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்தேன். ஐயர் மந்திரத்தை இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பேண்டுக்காரர்கள் வாசித்ததையே திரும்ப வாசித்தார்கள். முன் வரிசையில் அந்த அம்மா நாற்காலியைக் கொஞ்சம் கோணலாகத் திருப்பிப்போட்டு உட்கார்ந்திருந்தார். பஸ் வரவில்லை. சித்தப்பாவின் செல்போன் அடித்தது. என் அம்மா பிடுங்கிப் பேசினாள்.

"இன்னாண்ணா, எங்க கீறீங்க? அய்யய்யோ! மிலிட்ரி கேட்டா? இன்னா கேட்டு? பீரங்கி நிக்குதா? இன்னாத்துக்கு அங்கே போனீங்க?"

பெண் வீட்டு பஸ் ஒரு ராணுவ வளாகத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தது. பட்டுப் புடவைகளும் சீர்வரிசைத் தட்டுகளும் வாழைத்தாருமாக இறங்கியவர்களைப் பார்த்துக் காவல்காரச் சிப்பாய் திகைத்துப்போயிருக்கிறார். பெண்ணின் அப்பா பத்திரிகையை நீட்டினார். சிப்பாய் அதை நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டு, இந்தப் படத்தின்படி ஹால் இருக்க வேண்டியது தான் நிற்கிற இடத்தில்தான் என்று இந்தியில் சொல்லிவிட்டார். அவரும் சுற்றிமுற்றிப் பார்த்தாராம்.

திருமுல்கேரியில் இப்படிப்பட்ட கேட்டும் முகப்பில் ஒரு பீரங்கியும் திரும்பின பக்கமெல்லாம் இருக்கும். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்குப் பெண்ணின் அப்பா வாசித்த இங்கிலீஷ் எழுத்துகளை வைத்து யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஸ்டாண்டு நண்பர்கள் ஆளுக்கொரு கேட்டுக்கு ஆட்டோவை விரட்டினார்கள். பாய் போன கேட்டில் பீரங்கி இருந்தது, பெண் இல்லை.

மறுபடி போன். பெண்ணின் அப்பா கத்துவது மேடை வரைக்கும் கேட்டது. "இன்னும் கால் மணி பார்ப்பேன். இல்லேன்னா பஸ்ஸை ராமச்சந்திராபுரத்துக்கே திருப்பிடுவேன். நான் வாழ்நாள்ல லேட்டானதில்லைம்மா!"

அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்த அம்மா எழுந்து வந்து போனை வாங்கினார்.

"எந்தப் பக்கம் வந்திய?"

"படத்துல போட்ட பக்கம்தாம்மா. பெரிய புள்ளியிலேர்ந்து இந்தப் பக்கம்..."

"அது மேக்க. நான் கிழக்கே போட்டிருந்தேன். 'கி'ன்னு அம்புக்குறி இருக்குல்லா?"

"கிழக்கை எங்கம்மா அந்தப் பக்கம் போட்டீங்க?" என்று ஒரு பரிதாபமான குரல் வந்தது.

நடந்தது இதுதான். தரையை வரைந்தால் வடக்கு மேலே, கிழக்கு வலப்பக்கம் வரும். வானத்தை வரைகிறவர்கள் அப்படிப் போட மாட்டார்களாம். மல்லாந்து பார்ப்பவன் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படி, கிழக்கை இடப்பக்கம் போடுவார்களாம். அந்த அம்மா வாழ்நாள் முழுக்கத் தாளில் வரைந்தது வானம் ஒன்றைத்தான். திருமுல்கேரியையும் அப்படியே வரைந்துவிட்டார்.

"படம் சரியாத்தான் இருக்கு. நீங்க பிடிச்சது தப்பு" என்றார் போனில். "எல்லாரையும் பத்திரிகையைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிக்கச் சொல்லும். படம் கீழ பாக்கணும். சூரியன் எங்கன நிக்குது? அந்தப் பக்கம் 'கி' வரும்படி திருப்பும். இப்ப அண்ணாந்து பாரும்."

அப்புறம் நடந்ததை நான் என் வீட்டுக்காரி சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். எத்தனை முறை சொன்னாலும் பாதியில் சிரிப்பு வந்து நிறுத்திவிடுவாள். மாமாக்கள், அத்தைகள், வாழைத்தார் தூக்கியவர், டிரைவர், எல்லாரும் ராணுவ கேட்டுக்கு முன்னால் நடுரோட்டில் நின்று மஞ்சள் பத்திரிகையைத் தலைக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெயிலில் சுற்றியிருக்கிறார்கள். சிப்பாயும் ஒன்று வாங்கிப் பிடித்துக்கொண்டாராம். பூவும் நகையுமாகக் கழுத்தைத் தூக்க முடியாத கல்யாணப்பெண்தான் முதலில் கண்டுபிடித்தாள். "அப்பா! அந்தப் பக்கம்ப்பா! வந்த வழியே திரும்பிப் போகணும்!"

"அந்தப் புள்ளைக்கிட்ட போனைக் குடும்" என்றார் அந்த அம்மா. கொடுத்தார்கள் போல. உடனே அவர் மேடை ஏறி வந்து போனை என் காதில் வைத்துவிட்டார். "சந்து பொந்தெல்லாம் உனக்குத்தாம்ல தெரியும். நீ சொல்லு."

அதுவரைக்கும் அந்தப் பெண்ணிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஹால் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஹலோ? யாரு?" என்றது ஒரு குரல்.

நான் திரும்பி அந்த அம்மாவைப் பார்த்தேன்.

"ஹலோ?"

முதுகில் குடை குத்தியது.

"கிழக்கே" என்றேன்.

"ம்?"

"கிழக்கே வரணும்."

"எதுவரைக்கும்?"

"சூரியன் மூஞ்சியில அடிக்கும். அடிச்சுக்கிட்டே இருந்தா சரி."

"இப்ப அடிக்குது."

"அப்ப சரி."

சிரித்த மாதிரி இருந்தது. பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. "ஒரு வேப்ப மரம் வருதுங்க" என்றாள்.

"அங்கே வடக்கே."

"வடக்கு... இருங்க." பத்திரிகை சரசரக்கும் சத்தம். பஸ்ஸுக்குள்ளேயே தலைக்கு மேலே பிடிக்கிறாள் என்று தெரிந்தது. "ஆங், தெரியுது. அண்ணே, அந்தப் பக்கம் திருப்புங்க! அப்புறம்?"

"அப்புறம் மறுபடி கிழக்கே. வாசல்ல வாழைமரம். உள்ளே... நான் இருக்கேன்."

அந்தக் கடைசி வார்த்தைகள் எப்படி வாயில் வந்தன என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பேண்டுக்காரர்கள் விசில் அடித்தார்கள்.

பஸ் வந்து சேர்ந்ததும், முகூர்த்தம் முடிய இன்னும் நேரம் இருக்கிறது, தாராளமாக இருக்கிறது என்று ஐயர் சொல்லிக்கொண்டே தாலியை எடுத்து என் கையில் திணித்தார். பெண்ணின் அப்பா மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். கட்டி முடித்ததும் நேரே அந்த அம்மாவிடம் போனார்.

"படம் போட்டது நீங்கதானா? கிழக்கை இடது பக்கம் போட்டிருக்கீங்களேம்மா!"

"இடதுன்னா என்னது?" என்று கேட்டார் அந்த அம்மா. உண்மையிலேயே தெரியாதவர் மாதிரிதான் கேட்டார்.

பந்தி முடிந்தும் என் மாமனாருக்கு மனசு ஆறவில்லை. "வானத்துல அப்படித்தான் இருக்கும்னு சொல்றீங்க. நான் எப்படி நம்புறது?" என்று மறுபடி வந்தார். "வடக்கே தலை வச்சு மல்லாந்து படும். கிழக்கு எந்தப் பக்கம் வருதுன்னு பாரும்" என்றார் அந்த அம்மா.

"வடக்கே தலை வச்சுப் படுக்கக் கூடாதும்மா."

"தூங்கவா சொன்னேன்? பாக்கச் சொன்னேன்."

ஹாலின் நடுவில் ஜமுக்காளத்தின் மேல் என் மாமனார் படுத்துக்கொண்டார். பத்திரிகையை முகத்துக்கு மேலே பிடித்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்றார். அப்படியே தூங்கியும் போனார். சாயங்காலம் பஸ் கிளம்பும்போது எழுப்ப வேண்டியிருந்தது. வாழ்நாளில் அவர் லேட்டான ஒரே நாள் அதுதான்.

அந்த அம்மாவுக்கு வெட்கமோ வருத்தமோ இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு வண்டியில் ஏறியதும், கைப்பையிலிருந்து ஒரு பத்திரிகையும் கொஞ்சம் பசையும் எடுத்தார். எட்டி, கூரையின் உட்பக்கத்தில் படம் கீழே பார்க்கும்படி ஒட்டினார். "இப்பத்தான் இருக்க வேண்டிய இடத்துல இருக்கு. ஆனா ஒண்ணு, வண்டி வடக்கு பாத்து நிக்கும்போதுதான் சரியா இருக்கும். கண்டபடி திருப்பிட்டு என்னைக் குறை சொல்லாதே."

இப்போது அவர் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர் எந்தப் பக்கம் தலை வைப்பது என்று கேட்டபோது வந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான்தான் முன்னால் போய், "கால் கிழக்கே. சரியான கிழக்கே" என்றேன். குழி கொஞ்சம் கோணலாகத்தான் அமைந்தது. மற்ற கல்லறைகளோடு சேராமல் அது மட்டும் தனியாகத் திரும்பியிருக்கும்.

வண்டி இரண்டு முறை மாறிவிட்டது. ஒவ்வொரு முறையும் அந்தப் பத்திரிகையை உரித்து எடுத்துப் புது வண்டியின் கூரையில் ஒட்டுவது என் வீட்டுக்காரியின் வேலை. சவாரி ஏறுகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, இது என்ன என்று கேட்பார்கள். என் கல்யாணப் பத்திரிகை என்பேன். ஸ்டாண்டில் எல்லா வண்டியும் ரோட்டைப் பார்த்து நிற்க, என் வண்டி மட்டும் குறுக்கே வடக்கு பார்த்து நிற்கும். பாய் திட்டுவார். ஆனாலும் நான் திருப்புவதில்லை. சவாரி இல்லாத நேரத்தில் பின் சீட்டில் சாய்ந்து மேலே பார்ப்பேன். பெரிய புள்ளி, சின்னப் புள்ளி, கதிர் விடும் நட்சத்திரம், ஓரத்தில் 'வ' போட்ட அம்புக்குறி, எல்லாம் அதது இருக்க வேண்டிய பக்கத்தில் இருக்கும்.

வடக்கு மேலே இருக்கும் என்று எங்கள் வாத்தியார் சொன்னது என் வண்டியைப் பொறுத்தவரை சரிதான்.